பெரியப்பாவின் வளர்ப்பும் கல்யாண வீட்டுச் சாம்பாரும்

எங்கள் பெரியப்பாவைப் பற்றி யாராவது குறை சொல்ல வாய் திறந்தால், பதில் தயாராக இருக்கும். "அவர் வளர்ந்த விதம் அப்படி." சொல்பவர் பெரியம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், கோவில் கொடைக்கு வந்த தூரத்து உறவாகக்கூட இருக்கலாம். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, மழை, மக்காச்சோள விலை என்று வேறு பேச்சு தொடங்கிவிடும். கொஞ்சம் நீட்டி முழக்குகிறவர்கள், "பழைய காலத்து மனுஷர், வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்பார்கள். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பழமொழியும் பின்னாலேயே வரும். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவர் எவரையும் எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. பெரியப்பாவுக்கு இப்போது 78 வயது. அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலமும் உண்டு. ஊரில் அவருக்கு நல்ல பெயர். பஞ்சாயத்துப் பேச அழைப்பார்கள், கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடுவார்கள்.

வீட்டுக்குள் அவர் எப்படி என்பதைச் சொல்கிறேன். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே பறக்கும். எவர்சில்வர் தட்டு சுவரில் மோதித் தரையில் விழுந்து, விளிம்பில் சுற்றிச் சுற்றி ஆடி அடங்கச் சிறிது நேரமாகும். அந்தச் சத்தம் அடங்கும்வரை பெரியம்மா அடுப்படி நிலைப்படியிலேயே நிற்பார். பிறகு துணியை நனைத்து வந்து சுவரைத் துடைப்பார். மஞ்சள் கறை அவ்வளவு எளிதில் போகாது. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சுவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு பூசுவார்கள். வெள்ளையடிக்க வருகிறவர் ஏன் என்று கேட்டதில்லை. அவர் வீட்டிலும் ஒரு சுவர் இருந்திருக்கலாம்.

இதே பெரியப்பாவைக் கல்யாணப் பந்தியிலும் பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் சமையற்காரர் சாம்பாரில் உப்புப் போடவே மறந்துவிட்டார். பந்தி முழுக்க ஒரே முணுமுணுப்பு. நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பெரியப்பாவைத்தான் கவனித்தேன். இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பை இரண்டு விரலால் எடுத்துச் சோற்றில் பிசைந்தார். மறு சோறு வாங்கினார். பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். இலையை முறைப்படி மடித்துவிட்டு எழுந்தவர், பரிமாறிய பையனின் தோளைத் தட்டி, "நல்ல கவனிப்பு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கோபம் இருந்ததாகவே தெரியவில்லை.

உப்பு கூடினால் தட்டை எறியச் சொல்லிக்கொடுத்த வளர்ப்பு, அன்றைக்கு எங்கே போயிருந்தது? சம்பந்தி வீட்டுப் பந்தியில் தட்டை எறியக்கூடாது என்பதும் அதே வளர்ப்புத்தானே என்று சிலர் கேட்பார்கள். சரி. அப்படியானால் எந்த இடத்தில் எறியலாம், எந்த இடத்தில் கூடாது என்று பிரித்தறியும் அளவுக்கு அந்தக் கோபத்துக்குக் கண் தெரிகிறது. கண் தெரிகிற கோபத்துக்கு எதற்கு இவ்வளவு வக்காலத்து?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பெரியப்பாவுக்கு மேலதிகாரியாக வந்தவர் ஒரு தலித் இளைஞர். இவரைவிட வயதில் மிக இளையவர். தீபாவளி, புத்தாண்டு என்றால் பெரியப்பா பழக்கூடையோடு அவர் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டு அம்மா கொடுத்த காப்பியை வாய் வைத்துக் குடித்துவிட்டு வருவார். இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. "ஐயா வீட்டில் எனக்கென்று தனி மரியாதை." அதே வாரத்தில் எங்கள் காட்டில் களை எடுக்க வந்த பெண்களுக்குக் கொல்லைப்புற வேப்பமரத்து ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் குவளையில்தான் தண்ணீர். அந்த ஆணியில் அதற்கு முன்னால் கொட்டாங்குச்சி தொங்கியது. பிளாஸ்டிக் வந்ததைத்தான் எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஏன் இப்படி என்று என் அப்பா ஒருமுறை கேட்டபோது பெரியப்பா சொன்ன பதில்: "சின்ன வயதில் பழக்கிவிட்டார்கள், இனிமேல் எங்கே மாறுவது? மனசில் எனக்கு ஒரு வேற்றுமையும் கிடையாது. கைதான் வரமாட்டேன் என்கிறது." அதிகாரி வீட்டுக் காப்பிக்கு அந்தக் கை தாராளமாக வந்தது.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வளர்ப்பு என்பது பள்ளத்தைப் பார்த்துத்தான் பாய்கிறது. மனைவி, மருமகள், கூலிக்கு வருகிறவர், கடைக்குட்டிப் பிள்ளை என்று கீழே இருப்பவர்கள்மேல் கரைபுரண்டு ஓடும். மேலே இருப்பவர் பக்கம் ஒரு சொட்டுக்கூட ஏறாது. மெய்யாகவே மாற்ற முடியாத பழக்கமென்றால் அதிகாரி முன்னாலும் ஒருநாளாவது பிசகியிருக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை பிசகியதில்லை.

ஒரே வீடு, ஒரே அப்பன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தா பொல்லாதவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். மாட்டுச் சாட்டையால் பிள்ளைகளை அடிப்பாராம். தூணில் கட்டி வைத்து மிளகாய் வற்றலைச் சுட்டுப் புகை போடுவாராம். பெரியப்பாவும் என் அப்பாவும் ஒரே தூணில் மாறி மாறி நின்றவர்கள். என் அப்பாவுக்கும் கோபம் வரும், சாதாரணக் கோபமும் அல்ல. வந்தால் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா, "உங்கள் அப்பா கிளம்பிவிட்டார், இனி ஆறு மணிக்குத்தான்" என்பார். கண்மாய்க் கரை வரைக்கும் போய், அங்கே யாரோடாவது ஊர்க்கதை பேசிவிட்டு, வரும்போது வெற்றிலையோ முறுக்கோ வாங்கிக்கொண்டு வருவார். எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்பது அதற்குள் அவருக்கே மறந்திருக்கும். அந்தக் காலத்து ஆள்தான் அவரும். அவருக்கு யாரும் உளவியல் வகுப்பு எடுக்கவில்லை.

வளர்ப்புக்குப் பலமே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. அதற்குப் பலம் உண்டு, நிறையவே உண்டு. எங்கள் அத்தையைத்தான் இதற்குச் சொல்ல வேண்டும். மாமியாரிடம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி அழாத நாள் கிடையாது. அரங்கு வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பருப்பைக்கூட எண்ணித்தான் கொடுப்பாளாம் அந்தக் கிழவி. பிறகு அத்தைக்கும் மருமகள் வந்தாள். சாவி அத்தையின் இடுப்புக்கு ஏறியது. எண்ணெய்க் கிண்ணத்தில் கோடு போட்டுப் பார்த்தார். மூன்றாவது வருடமோ என்னவோ, அந்தப் பெண் ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள்: "அத்தை, உங்களுக்கு யார் எதைச் செய்தார்கள் என்று சொல்லி அழுகிறீர்களோ, அதையேதானே எனக்குச் செய்கிறீர்கள்?" அத்தை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாவி அடுப்படி ஆணியில் தொங்கியது. ஒரு விளக்கமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. சாவி மட்டும் இடம் மாறியது. தெரியாமல் செய்கிறவருக்கு ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அத்தைதான். பெரியப்பாவிடம் அம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது தராசுக் கதைக்கு வருகிறேன். 1996ஆம் வருடப் பொங்கல். அண்ணனுக்கு, அதாவது பெரியப்பா மகனுக்கு, கல்யாணமான முதல் பொங்கல். நான் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். மதினியின் அப்பா விளாத்திகுளம் பக்கத்துக்காரர், ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். பஸ் மாறி மாறிப் பொங்கல்படி கொண்டுவந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, பச்சரிசி, மண்டை வெல்லம், வெண்கலப் பானை. கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சட்டை முழுக்க வியர்வையோடு அவர் தெருவில் நடந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் ஒரு சிறுவன் அரிசிப் பையைச் சுமந்து வந்தான்.

பெரியப்பா தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டு வாசலை மிதித்தாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். அவர் தலையை ஆட்டிப் பானையைக் கீழே வைக்கச் சொன்னார். எழுந்தார். தாழ்வாரத்து விட்டத்தில் பருத்தி நிறுக்கும் தராசு தொங்கும். ஒரு தட்டில் பானையை வைத்தார். மறு தட்டில் 5 கிலோ கல்லை வைத்தார். பானைத் தட்டு மேலேயே நின்றது. "பேசியது அஞ்சு கிலோ" என்றார், யாரையும் பார்க்காமல். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் திண்ணையில் இருந்தார்கள். மதினி உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்; சேலைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. மதினியின் அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "கடைக்காரன் அஞ்சு என்றுதான் சொன்னான் சம்பந்தி" என்றார்.

அப்போது ஆச்சி வந்தார். பெரியப்பாவின் அம்மா. எழுபத்தைந்தைத் தாண்டியவர், பாம்படம் தொங்கிய காது, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, கையெழுத்துக் கிடையாது, பெருவிரல் ரேகைதான். கையில் ஒரு செம்பு நீர்மோர். "வாங்கய்யா, வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் இதைக் குடியுங்கள்" என்று அவரிடம் கொடுத்தார். பிறகு மகனைப் பார்த்துத் திரும்பி, "இறக்குடா தராசை. வந்தவரை நிறுத்துப் பார்க்கிற பழக்கம் இந்த வீட்டுக்கு எப்போது வந்தது?" என்றார். ஐம்பது வயது மனிதர் வாயைத் திறக்கவில்லை. பானையை எடுத்துக் கீழே வைத்தார்.

பழைய காலத்து மனுஷர் என்று பெரியப்பாவைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆச்சிதான் நினைவுக்கு வருவார். அவரைவிடப் பழைய காலம் எங்கள் வீட்டில் எது? அந்தப் பழைய காலமே வந்து நின்று, இது நம் வழக்கம் இல்லை என்று சொன்ன பிறகும், வழக்கத்தின் பேரில் வக்காலத்து வாங்குகிறவர்களை என்ன செய்வது? ஆச்சியைக் கோவிலில் வைத்துக் கும்பிடவும் நான் சொல்லவில்லை. வேப்பமரத்தில் முதல் கொட்டாங்குச்சியை மாட்டியது அவர் காலத்தில்தான். மருமகளின் அப்பாவுக்கு இரங்கிய அந்த மனசு களை எடுக்கிறவளிடம் போய்ச் சேரவில்லை.

அதுமட்டுமல்ல, வழக்கம் வழக்கம் என்று சொல்கிற பெரியப்பா எத்தனை வழக்கங்களைச் சத்தமில்லாமல் கைகழுவினார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். களம் அடிக்கிற நாளில் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் முறம் முறமாகத் தானியம் அள்ளிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அறுவடை மெஷின் வந்த வருடமே அது நின்றது. காட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். கூலி ஏறிவிட்டது என்று அதுவும் நின்றது. அத்தை மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் இவர். "காலம் மாறிவிட்டது, இதெல்லாம் எதற்கு" என்று ஒரு கவரில் கொஞ்சம் பணத்தைப் போட்டுக் கொடுத்து முடித்துக்கொண்டார். தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய வழக்கமென்றால் காலம் மாறிவிடுகிறது. அடுத்தவரை அடக்குகிற வழக்கத்துக்கு மட்டும் காலம் அசைவதே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும்தான் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நான் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் அறையில் இதே வசனம் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வரும். "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்." "அடியாத மாடு படியாது." பெற்றோர் சிலரே வந்து, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உரித்துவிடுங்கள் டீச்சர்" என்று உரிமை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது; அதன் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புப் பிரிவின் எண்ணும் 17தான். தற்செயல்தான், ஆனால் வேப்பமரத்துக் குவளையைப் பார்த்து வளர்ந்த கணக்கு டீச்சருக்கு இந்த எண்ணைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அடி வாங்கித்தான் உருப்பட்டோம் என்கிற அந்தச் சக ஆசிரியரிடம் ஒருநாள் கேட்டேன்: சார், இந்த மாதம் நீங்கள் யாரை அடித்தீர்கள்? அவர் கோபித்துக்கொண்டார். எனக்கே தெரியும், பெயர் பெயராக. வார்டு உறுப்பினர் மகன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், "என்ன தம்பி, உடம்புக்கு முடியவில்லையா" என்று கேட்பார். ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிவிட்டுக் கை விரலெல்லாம் பசையோடு வருகிற பையனுக்குப் பிரம்பு. இரண்டு பேரும் வீட்டுப்பாடம் எழுதவில்லை. பெரியப்பா வீட்டில் பார்த்த அதே பள்ளம்தான். இங்கே மேட்டில் இருப்பவன் அப்பாவின் பதவியால் தப்புகிறான், அவ்வளவே.

என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னாள். சீனாவிலிருந்து குடியேறிய ஒருவர் 1987இல் புரூக்ளினில் தன் மனைவியைச் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிட்டார். மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு என்பது காரணம். அவருடைய வழக்கறிஞர்கள் ஒரு மானிடவியல் அறிஞரைக் கூண்டில் ஏற்றினார்கள். சீனப் பண்பாட்டில் மனைவியின் துரோகம் கணவனை எவ்வளவு பெரிய அவமானத்தில் தள்ளும் என்று அவர் விளக்கினார். 1989இல் தீர்ப்பு. சிறைத் தண்டனை கிடையாது. 5 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். இதில் என் மகள் விரலை நீட்டிச் சொன்ன இடம்: சீனாவில் அப்படி மனைவியைக் கொன்ற ஒரு கணவனையாவது உங்களுக்குத் தெரியுமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது அந்த அறிஞரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அங்கே கணவன் அப்படிக் குதித்தால் அக்கம்பக்கத்தார் ஓடி வந்து தடுத்துவிடுவார்கள் என்றுதான் அவரே சாட்சி சொல்லியிருந்தார். ஓடி வந்து தடுக்கிற பக்கத்து வீட்டுக்காரரும் சீனப் பண்பாடுதானே? தீர்ப்பில் அவர் கணக்கில் வரவில்லை. கொன்றவர் மட்டும் வந்தார். செத்துப்போன பெண்ணும் சீனப் பெண்தான். அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஆசிய அமெரிக்கப் பெண்கள் அமைப்புகளும் இருந்தன.

நம் பக்கம் வந்தால், 1890இல் கல்கத்தாவில் புல்மோனி என்ற சிறுமியின் வழக்கு. பத்து, பதினோரு வயதுக் குழந்தை. கணவனுக்கு முப்பத்தைந்து வயதுக்கு அருகில். கூடியதில் இரத்தம் போய் இறந்துபோனாள். அப்போதைய சட்டத்தில் பத்து வயது தாண்டினால் போதும் என்று இருந்ததால் அவனுக்குக் கிடைத்தது ஒரு வருடக் கடுங்காவல்தான். அடுத்த வருடம் அந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்தச் சட்டம் வந்தபோது, எங்கள் சமயத்திலும் வழக்கத்திலும் அந்நிய அரசு கை வைக்கக்கூடாது என்று திலகர் உட்படப் பெரிய பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள். அந்நிய அரசின் மேலிருந்த சந்தேகத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வழக்கில் கூண்டேறித் தன் மருமகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் புல்மோனியின் அம்மா. அவரும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்தான். ஒரு வழக்கத்தின் பெயரால் பேசுகிறவர் யார், அதைத் தாங்குகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் "நம் பண்பாடு" என்று சொல்வதை அன்றிலிருந்து இன்றுவரை நாம் விடவில்லை.

இந்தச் சாக்கு ஒரு தலைமுறையோடு ஒழிந்தாலாவது தேவலை என்று இருக்கலாம். அண்ணன் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். தட்டை எறிவதில்லை, அந்த அளவுக்கு முன்னேற்றம். ரிமோட், செல்போன், சாவிக்கொத்து என்று சின்னச் சின்னதாக எறிவார். மதினியைப் பிள்ளைகள் முன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்று தொடங்கினால் அரைமணி நேரம் நிற்காது. பிறகு தானே, "என்ன செய்ய, அப்பா ரத்தம்" என்று சிரிப்பார். கூடத்தில் இருப்பவர்களும் சிரிக்க வேண்டும். உங்கள் கம்பெனி முதலாளி முன்னால் அந்த ரத்தம் எந்தப் பக்கம் ஓடும் அண்ணே என்று நான் கேட்ட அன்றைக்குச் சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவமானப்படுத்திப் பேசுவதும் வன்முறைதான் என்று என் மகள் வேறு எடுத்துக்கொடுத்தாள். அதிலிருந்து என் மகளுக்கு அந்த வீட்டில் "வக்கீலம்மா" என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல.

அண்ணன் மகனுக்கு இப்போது பெண் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தியதும் அடுத்த வேலை விசாரிப்பது. பெண் வீட்டார் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை பார்க்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்படி அந்தப் பெண்ணின் அம்மா எனக்கும் போன் செய்தார். அதற்கு முந்தின நாளே மதினி பேசிவிட்டார். "யாராவது கேட்டால் மாமா பழைய காலத்து மனுஷர், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடு." சொன்னவர் யார் தெரியுமா? எவருடைய அப்பா கொண்டுவந்த பானை தராசில் ஏறியதோ, அவர். மதினிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வீட்டில் அத்தனை வருடம் இருக்க வேண்டுமென்றால் நடந்ததற்கு ஏதாவது ஒரு பெயர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்; அவர் இதை வைத்துக்கொண்டார். அதையே வரப்போகிற பெண்ணுக்கும் கொடுத்தனுப்புவதுதான் எனக்குச் சம்மதம் இல்லை.

"நீங்களும் பெண்ணைப் பெற்றவர் டீச்சர், உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மா. உள்ளதைச் சொன்னேன். பழைய காலத்து மனுஷர், வாய்தான் அப்படி என்ற எதையும் சொல்லவில்லை. தட்டைப் பற்றிச் சொன்னேன். தராசைப் பற்றிச் சொன்னேன். கொல்லைக் குவளையைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் எப்படியோ. பையனைப் பற்றிக் கேட்டார். நல்ல வேலை, குடி கிடையாது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குத் தெரிந்த இரண்டைச் சொன்னேன். கோபம் வந்தால் கதவை ஓங்கிச் சாத்துவான். அண்ணனிடமிருந்து வந்தது, கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, போன வருடக் கோவில் கொடைக்கு எல்லோரும் ஊரில் இருந்தபோது தட்டு பறந்தது. பெரியம்மா துணியை எடுக்கப் போனார். இந்தப் பையன் எழுந்து போய், பாட்டியைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துணியை வாங்கிப் பெரியப்பாவின் மடியில் வைத்தான். "நீங்கள் எறிந்தீர்கள் தாத்தா, நீங்கள் துடையுங்கள்." அவர் துடைக்கவில்லை, துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். அவனும் துடைக்கவில்லை, வேறு யாரையும் துடைக்க விடவுமில்லை. மறுநாள் கொடைக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள்.

நான் பேசியது இரண்டு நாளில் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் போனை எடுப்பதில்லை. மதினி மட்டும் ஒருமுறை பேசினார், வேறு ஏதோ விஷயமாக. பெண் வீட்டார் பின்வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தனிக்குடித்தனம், மகள் வேலையை விடமாட்டாள், சீரென்று எதுவும் பேசுவதில்லை, இந்த மூன்றுக்கும் சம்மதமென்றால் மேலே பேசலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பையன் சம்மதித்துவிட்டான். சீர் இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்த வழக்கம் கிடையாது என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். தை பிறப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும். எனக்குப் பத்திரிகை வைப்பார்களா என்பது அதற்கு அப்புறம்.